அனெக்ஸுக்குத் தனி கேற்

இரவு பதினொன்றரை. ஹைலெவல் வீதியில்
கடைசி நூற்றிமுப்பத்தெட்டு உறுமிக்கொண்டு போகிறது.
நான் ஒரு நிரலுக்கு அறை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே கணினிதான். அதே மின்விசிறி, அதே நினைவகம்.
இந்த ஒன்று மட்டும்
ஒஸ்லோக்காரரின் பதிலாள் வழியாகத்தான்
வெளியே போகவேண்டும்.
மற்றதெல்லாம் வழக்கம்போல:
அம்மாவின் வாட்ஸ்அப், பாட்டு, தண்ணீர்க் கட்டணம்.

ஒரு கட்டளை. பெயர்வெளி பிறந்தது.
சுவர் என்று எதுவும் இல்லை, ஆனாலும்
உள்ளே இருப்பதற்கு வைஃபை தெரியாது,
ரவுட்டர் தெரியாது, கடலுக்கு அடியால்
கேபிள் போவது தெரியாது.

பிறகு இரண்டு முனையுள்ள ஒரு கம்பி
(கம்பி என்பது சும்மா பேச்சுக்கு).
ஒரு முனையை உள்ளே தள்ளினேன்,
மறுமுனை என் பக்கம்.
அதன் முடிவில் பதிலாள் மட்டும் நிற்கிறான்.
வேறு வழி எழுதவில்லை.
அவன் விழுந்தால் இதுவும் வாய் மூடும்.
கசிவதைவிட மௌனம் மேல் என்று
ஒப்பந்தத்தின் ஏழாம் பந்தி சொல்கிறது.

நானும் இப்படித்தான் இருக்கிறேன், கிருலப்பனையில்,
திருமதி குணதிலக்கவின் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில்.
ஒரே கூரை, ஒரே தண்ணீர் மீற்றர்,
எனக்கென்று தனி கேற்.
என் கடிதங்கள் அவருடைய பெட்டிக்கு வந்து
கதவிடுக்கால் என்னிடம் வரும்.
மின்சாரசபைக்கு நான் இல்லை.
பதினெட்டுக்குப் பின்னால் ஒரு ஏ இருப்பது
சோற்றுப் பார்சல் கொண்டுவரும் பையனுக்கு மட்டும் தெரியும்.

வீடு தேடின மாதத்தில்
நானே எடுத்த ஒன்பது அழைப்புகளில் ஏழில்,
பெயரைச் சொன்னதும்
வீடு நேற்றே போய்விட்டிருந்தது.
"தாங்கோ, நான் கதைக்கிறன்" என்றாள்
அலுவலகத்து ருவந்தி, தன் அரைகுறைத் தமிழில்.
என் கேள்விகள் அவள் குரலில் போயின.
பதில்கள் அவள் குரலில் வந்தன:
இரண்டு அறை, எந்நேரமும் தண்ணீர்,
மூன்று மாத முற்பணம், கருவாடு பொரிக்கக்கூடாது.
ஒரு துளி சிந்தவில்லை.

நேரில் போனபோது
கேற்றைப் பிடித்தபடி திருமதி குணதிலக்க
கேட்டது ஒன்றே ஒன்று:
நம மொகக்த?

எப்போதும் பெயர்தான் கசியும்.

இங்கேயும் அதுதான். தரவு முழுவதும்
ஒழுங்காய்ப் பதிலாளிடம் போக,
பெயர் விசாரிக்கிற அந்தச் சின்னக் கேள்வி மட்டும்
வலையைத் தொடாமலே,
வட்டில் கிடந்த ஒரு சொக்கெற்றுக்குள்ளால் நுழைந்து
வெளியே இருப்பவனைக் கேட்டுவிடுகிறது.
கதவை எல்லாம் பூட்டியவள்
நாய் போகிற ஓட்டையைப் பார்க்கவில்லை.
அடைத்தேன். அதற்கென்று தனியாய்
ஒரு முகவரிப் புத்தகம் வைத்தேன்.

நான் அன்று முழுப்பெயரையும் சொன்னேன்.
சிவசம்பு தாட்சாயினி.
களனிவெளி ரெயில் ஒன்று போய் முடியும்வரை
அவர் ஒன்றும் பேசவில்லை.
உள்ளே வா என்றும் சொல்லவில்லை.
சாவியைத் தந்தார். கருவாட்டை
இன்னொருதரம் ஞாபகப்படுத்தினார்.

ஓடவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை.
பதிலாள் நலம், கம்பி நலம், வழி சரி.
இருபது நிமிடம் தலையைப் பிய்த்தபின் கண்டது:
புதிதாய்ப் பிறக்கிற பெயர்வெளியில்
தன்னோடு தானே கதைக்கிற வழியும்
படுத்தே கிடக்கும்.
யாராவது போய் எழுப்பிவிடவேண்டும்.

எழுப்பினேன்.
தன் வாசலைத் தானே தட்டி
ஒரு பொதி போனது, உடனே திரும்பியது,
மில்லிசெக்கனில் ஒரு துணுக்கு.

சுவருக்கு அப்பால் திருமதி குணதிலக்க இருமுகிறார்.
யாரும் கேட்கவில்லை; இருந்தும்
என் பெயரை ஒருதரம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
பிறகு கேற்றைப் பூட்டப் போனேன்.