சல்லடைக் கண்

மலாத்யாவில் ஜூலை.
ஆப்ரிகாட் உலரும் காலம்.
ஊர் முழுக்கக் கந்தகப் புகை.
அபுசெரின் நகக்கண்களில் அந்த மஞ்சள்.
நகத்தோடு சரி; கண்ணில் இன்னும் ஏறவில்லை.

முப்பத்தொரு வருடம் பழம் பிரித்தவர்.
ஆடும் சல்லடையில்
பெரியது நிற்கும், சிறியது விழும்.
அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டார்:
"டாக்டர், உங்கள் சல்லடையின் கண்
எத்தனை அகலம்?"

சொன்னேன்.
கட்டிகள் நான்கு.
பெரியது ஏழு சென்டிமீட்டர், அதற்குமேல் இரண்டு மில்லிமீட்டர்.
ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் எண்ணூற்றுப் பத்து.
பெருநாளத்துக்குள் புகவில்லை.
எலும்பில் இல்லை. நுரையீரலில் இல்லை.

"அப்படியானால் நான் மேலே நிற்கிற பழம்" என்றார்.
"சந்தையில் அதற்குத்தான் விலை.
இங்கே விழுகிறவன்தான் பிழைப்பான், இல்லையா?"

குலிஸார் மேஜையைத் தட்டினாள்.
"செத்தவர் ஈரலையா கேட்டோம், வரிசையில் நிற்க?
இது எங்கள் பிள்ளையுடையது.
கொடுக்கிறவர்கள் நாங்கள்.
அளக்க நீங்கள் யார்?"

நியாயமான கேள்வி.
என் பதில் ஒரு கத்தியின் நீளம்:
நோயே இல்லாத ஒருவனைக்
கிடத்தி வெட்ட வேண்டும்.
அறுபத்துநான்கு பங்கு எடுத்தால்
அவனுக்கு மிஞ்சுவது முப்பத்தாறு.
ஆயிரத்தில் இரண்டு மூன்று பேர்
எழுந்திருப்பதில்லை.
அப்பனுக்குள் புற்று அடுத்த வருடமே திரும்பிவிட்டால்
அந்த முப்பத்தாறின் முகத்தில்
எப்படி விழிப்பது?

ஆகவே காத்தோம்.
தமனி வழியே மருந்தை அனுப்பி
கட்டியைப் பட்டினி போட்டோம்.
மூன்று மாதம். இன்னும் ஒரு மூன்று மாதம்.
காத்திருப்பதும் ஒரு சோதனைதான்.
பொல்லாத புற்றுக்குப் பொறுமை கிடையாது.
இதற்கு இருந்தது.
எண்ணூற்றுப் பத்து, இருநூற்று நாற்பது, அறுபத்தொன்று.
ஏழு, ஐந்தரை, நான்கு.
ஒவ்வொரு எண்ணையும் அபுசெர்
சிகரெட் அட்டையின் உட்புறம் குறித்துக்கொண்டார்.
சிகரெட்டை எப்போதோ விட்டிருந்தார். அட்டையை விடவில்லை.

ஜனவரிப் பனியில் குழு கூடியது.
எட்டுப் பேரும் கை தூக்கினோம்.
மயக்க மருந்து நிபுணர்கூடச் சிரித்தார்.

அன்று மாலை யெக்தா வந்தான், தனியாக.
இருபத்தாறு வயது. கதவைச் சாத்தினான்.
என்னைப் பார்க்காமல்
சுவரில் தொங்கிய ஈரல் படத்திடம் சொன்னான்:
"எண் இறங்க இறங்க
எனக்கு ஈரக்குலை நடுங்கியது.
இறங்கக் கூடாதென்று
ஒருநாள் தொழுதேன்."

இப்படி வருகிறவர்களுக்கென்று
பின்பக்கம் ஒரு வாசல் வைத்திருக்கிறோம்.
கோப்பில் எழுதினேன்:
கொடையாளர் பொருந்தவில்லை.
யார் கேட்டாலும் அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.
பொய்யில்லை, பொய்யில்லை என்று
படியிறங்கும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.
மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை.

மறுநாள் குலிஸார் தன் வயிற்றைத் தொட்டு
"இதை எடுங்கள்" என்றாள்.
அவள் ரத்தம் வேறு வகை.
அபுசெர் அழவில்லை.
மகனை வெகுநேரம் பார்த்தார்,
முப்பத்தொரு வருடம் பார்த்த கண்ணால்.

இந்த ஊரில் பிள்ளையை
ஜியெரிம் என்று கூப்பிடுவார்கள்.
என் ஈரலே என்று பொருள்.
நாள் முழுக்க யாராவது யாரையாவது அப்படிக் கூப்பிட,
ஒருவருக்கும் அர்த்தம் காதில் விழாது.

அவன் பிடரியில் கைவைத்து,
"ஜியெரிம்," என்றார்,
"காலையில் ஏதாவது சாப்பிட்டாயா?"

எனக்கு விழுந்தது.

அடுத்த ஸ்கேன் ஏப்ரலில்.
அதுவரை நான்கு நான்காகவே இருக்க வேண்டும்.
நேற்று அதானாவிலிருந்து ஒரு ஃபோன்.
அபுசெரின் அண்ணன் மகள், பள்ளியில் கணக்கு டீச்சர்.
ரத்தம் ஓ வகை, வயது முப்பத்துமூன்று,
சொந்த விருப்பம் என்று
மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

அவள் முடிக்கும்வரை பொறுத்து
முதல் கேள்வியைக் கேட்டேன்:

"அறையில் உன்னோடு வேறு யாராவது இருக்கிறார்களா?"