பதினோரு மாத ஒப்பந்தம்

கம்மனஹள்ளி மெயின் ரோட்டில்
மோமோ கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவே
எட்டடிக்கு ஆறடி என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், முத்திரைத்தாள், வாடகை ஒப்பந்தம்.
நாலு மொழியில் தட்டுவேன்,
மூன்றில் பேரம் பேசுவேன்,
தமிழில் மட்டும் திட்டுவேன்.

ஒத்தோ அஜாக் வந்தது மழை பிடித்த ஒரு சாயங்காலம்.
ஷட்டருக்குக் குனிந்து நுழைந்தான்.
பி.ஃபார்ம் இரண்டாம் வருஷம்,
பாஸ்போர்ட்டில் ஊர் மலாக்கால்.
வீட்டுக்காரர் வெங்கடரமணப்பாவுக்குப் பத்து மாச அட்வான்ஸ்.
வாசனை வரச் சமைக்கக் கூடாது,
அது ஏழாவது ஷரத்து.

அப்பா பேர் கேட்டேன். சொன்னான்.
தாத்தா பேர் கேட்கும்போது கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தி ஓய்ந்தது.
இருட்டில் அவனாகவே அடுக்கிக்கொண்டு போனான்,
தாத்தா, அவர் அப்பா, அவருக்கும் அப்பா.
"எங்கேப்பா போய் நிற்கும் இது?"
"ஆற்றங்கரையில்" என்றான்.
"நியிகாங் ராஜா கடந்த ஆறு."

பட்டம் துவாத்துக்குப் போய்விட்டது.
கூடப்பிறந்த நியிகாங்
ஆளும் மாடுமாய்க் கிளம்பினான்.
திரும்பிப் பார், என்றது முதுகுக்குப் பின்னால் குரல்.
திரும்பினான்.
காலடியில் வந்து விழுந்தது ஒரு தோண்டுகோல்.
'உன் ஜனங்களைப் புதைக்க ஆகும், வைத்துக்கொள்.'

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில்
பெரியப்பா எறிந்தது கிணற்று வாளி.
அதைச் சொல்லவில்லை அவனிடம்.
"எடுத்துக்கொண்டானா?" என்றேன்.
"சோளம் விதைக்கவும் அதே கோல்தானே, மேடம்."

பிறகு அந்த ஆறு.
நீரே தெரியாத ஆறு.
புல்லும் நாணலும் வேரோடு வேர் பின்னி
மிதந்த தரை, ஓடம் நுழையாது.
"கல்கெரே ஏரி பார்த்திருக்கிறீர்களா?"
முப்பது வருஷமாய் இங்கே குப்பை கொட்டும் என்னைக் கேட்டான்.
ஆகாயத்தாமரை அள்ள வந்த மஞ்சள் மெஷின்
ஆகாயத்தாமரையிலேயே சிக்கி
மூன்று மாதமாய் அங்கே நிற்கிறது.
"அதைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வராது.
ஒபோகோ ஞாபகம் வரும்."

வெளுத்த தோல், வெயிலுக்குக் கண் கூசும் ஒருவன்.
கூட்டத்தில் இருந்து முன்னால் வந்தான்.
நான் தின்றது போதும் என்றான்.
என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றான்.
அடைப்புக்குக் கீழே வைத்து என்னைக் குத்து என்றான்.
குத்தினார்கள்.
ரத்தம் போன பக்கம் புல் விலகிற்று.
நியிகாங் கடந்தான், நாடு கட்டினான்,
கடைசியில் சாகக்கூட இல்லை,
சுழல்காற்றோடு போய்விட்டான்.

"இந்த ஊரிலும் உண்டு" என்றேன்.
கட்டக்கட்டக் கோட்டைவாசல் சரிய,
நடுராத்திரி தனியாகப் போனாள் மருமகள்.
காலையில் வாசல் நின்றது.
கோரமங்களாவில் கோயில் இருக்கிறது,
வண்டி நிறுத்தத்தான் இடமில்லை.

"அவள் பிள்ளைகள்?"
"வயிற்றில் இருந்தது."

மோமோ கடை ஆவி உள்ளே வந்தது.
கொஞ்ச நேரம் மழையை மட்டும் கேட்டோம்.

கரண்ட் வந்ததும் பிரிண்டர் இருமிக்கொண்டு எழுந்தது.
"ராஜ வம்சமா நீ?" என்றேன், பாதி கேலியாய்.
"இல்லை மேடம்.
பார்த்துக்கொள் என்று சொன்னானே,
அந்தப் பிள்ளைகளின் வழி."

அப்பா பெயர்க் கட்டத்துக்கு அப்புறம்
படிவத்தில் இடம் கிடையாது.
ஏழாவது ஷரத்தை அழிக்கக் கை போனது.
"இருக்கட்டும், அவர் படித்துப் பார்ப்பார்" என்றான்.
இரண்டாவது சாட்சிக்கு ஆளில்லை அவனுக்கு.
மா. தில்லைக்கரசி என்று நானே போட்டேன்.
நிரந்தர முகவரி என்ற இடத்தில்
பேனா சற்று நின்றது,
பிறகு கடை விலாசத்தை எழுதினேன்.
இருநூற்றைம்பதில் ஐம்பதைத் தள்ளிவிட்டேன்.

வெளியே கேபிளுக்குத் தோண்டிய பள்ளம்
தெரு அகலத்துக்கு நிரம்பிக் கிடந்தது.
காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
நடுவில் யாரோ போட்டுவைத்த கல்லைக்
காலால் தடவித் தேடி,
அதில் ஏறி
அந்தப் பக்கம் போனான்.