கடைசி ஆள்

துண்டுத்தாளில் பூட்ஸ் படம் போட்டிருக்கும்.
மூன்று பூட்ஸ் என்றால் முகடுவரை.
இரண்டு என்றால் பாதி மலையும் ஓர் ஓடையும்.
இன்றைக்கு ஒன்றுதான்:
மூன்று கிலோமீட்டர், இரண்டு கேட்,
ஏறித் தாண்டும் வேலிப்படி கிடையாது,
உட்கார ஒரு பெஞ்சு,
அதிலும் பாதி ஈரம்.

முன்னால் டெக்வென், வரைபடத்தோடு.
பின்னால் நான், மஞ்சள் மேல்சட்டையில்.
பையில் ஒரு விசில், கட்டுத்துணி,
பதினொன்று என்கிற எண்.
என்னைவிடப் பின்தங்க
இங்கே ஒருவருக்கும் உரிமை இல்லை.
வேலை அவ்வளவுதான்.

வேல்ஸின் எல்லையோரம், மார்ச்.
காற்றுக்கு இன்னும் பல் விழவில்லை.
ஆடுகளின் முதுகில் நீலச் சாயக்குறி.
டெலித்துக்குக் கண் தெரியாது.
ஐவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள்.
"இங்கே சேறு" என்று அவர் வாயெடுக்குமுன்
"முன்னால போறவங்க கால் சப்புக்கொட்டுதே,
எனக்குக் கேக்காதா?" என்கிறாள்.
நெஸ்டாவின் மூன்று சக்கர வண்டி
மேட்டில் இருவரை வேலை வாங்கும்.
இறக்கத்தில் அவளைப் பிடித்து நிறுத்த
நாலு பேர் வேண்டும்.

எல்லோருக்கும் பின்னால், எனக்கு ஓரடி முன்னால்
எம்ரிஸ்.

மூன்று பூட்ஸ் நடையைப் பதினேழு வருடம் நடத்தியவர்.
போன கோடையில் பக்கவாதம்.
அவருடைய இடது கால் இப்போது
ஒவ்வோர் அடிக்கும் அனுமதி கேட்கிறது.
கை நீட்டினால் முறைப்பார்.
காத்திருந்தால் இன்னும் மோசம்.
அதனால் குனிந்து லேஸ் கட்டுகிறேன்.
கல்வேலியில் படிந்த பாசியை ஆராய்கிறேன்.
இல்லாத பறவையை அண்ணாந்து தேடுகிறேன்.
மறுபடி குனிந்து லேஸ்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:
"இது நாலாவது தடவை.
லேஸை மாத்து, இல்லாட்டி காலை மாத்து."

முதல் கேட்.
முன்னால் போனவர்கள் நின்றிருந்தார்கள்.
டீ குடித்தாயிற்று, ஆரஞ்சு உரித்தாயிற்று,
தூரத்துக் குதிரையைப் படமெடுத்தாயிற்று.
நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.
"எல்லாரும் வந்தாச்சா? சரி, கிளம்பலாம்!"
டெக்வென்தான். கெட்ட மனது கொஞ்சமும் இல்லை.

வேகமாய் வந்தவர்களுக்கு
எட்டு நிமிட ஓய்வு.
ஓய்வு வேண்டியவருக்கு
ஒரு கேட்டின் அகலம்.

எம்ரிஸ் கேட்டுக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றார்.
மூச்சு வெள்ளையாய் வந்து வந்து கலைந்தது.

"நானும் இப்படித்தான்" என்றார்.
"பதினேழு வருஷம்.
கடைசி ஆள் வந்ததும் வாட்சைப் பார்ப்பேன்.
முகத்தைப் பார்த்ததில்ல.
மோர்வித்னு ஒருத்தி வருவா, பெரிய பச்சைக் குடையோட.
நாலே நடை.
அப்புறம் வரல.
மழைக்குப் பயந்துட்டானு நினைச்சேன்."
கொஞ்ச நேரம் கம்பத்தின் துருவைச் சுரண்டினார்.
"அவ்வளவு பெரிய குடை வெச்சிருந்தா."

அதற்குள் அவர்கள் இரண்டாவது வயலுக்குள் இறங்கிவிட்டார்கள்.
நெஸ்டாவின் சிரிப்பு மட்டும் பின்தங்கி வந்தது.

விசில் ஆபத்துக்கு மட்டும்.
பயிற்சியில் மூன்று முறை சொன்னார்கள்.

ஊதினேன்.

ஆடுகள் தலை தூக்கின.
ஐவர் நின்றார், டெலித் நின்றாள்,
நாலு பேரும் வண்டியை இழுத்துப் பிடித்தார்கள்.
வரைபடத்தை நழுவவிட்டு ஓடி வந்தாள் டெக்வென்.
"யாருக்கு என்ன ஆச்சு?"

"லேஸ்" என்றேன். "அவிழ்ந்துபோச்சு."

அவள் என் காலைப் பார்த்தாள்.
என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு, முதல்முறையாக, எனக்கு முன்னால் நின்ற முகத்தை.
ஒன்றும் சொல்லாமல்
வேலியோரக் கல்லில் உட்கார்ந்து
தன் பூட்ஸையும் கழற்றி
உள்ளே இருந்த கல்லைத் தேட ஆரம்பித்தாள்.
வெகுநேரம் தேடினாள்.

நான் முடிச்சை மெதுவாகப் போட்டேன்.
பிரித்தேன், போட்டேன்.
எம்ரிஸ் பக்கத்துக் கல்லில் அமர்ந்து
பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி
பாதி குடித்து
மீதியை என் பக்கம் நீட்டினார்.

"அஞ்சாவது" என்றார்.

கேட்டைச் சாத்துவதும் என் வேலைதான்.
கொக்கி விழுந்துவிட்டதா என்று
ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.