ஏழாம் டிரம்

பாலாற்றில் மணல் மட்டும் ஓடும் மே மாதம்.
ஆற்காடு பஸ்ஸை விட்டு இறங்கி
மேல்விஷாரத்துத் தோல் ஷெட்டுக்கு நடக்கிறேன்.
தோளில் நாலரைக் கிலோப் பெட்டி.
"அதிர்வு பாக்கற அம்மா வந்திருக்காங்க"
கேட்டிலிருந்து உள்ளே ஒரு கூவல்.

ஏழாம் டிரம் உறுமுதாம்.
முதலாளி போனில் சொன்னது அவ்வளவுதான்.
பிறகு, வைக்கப்போகும்போது:
"ஃபோர்மேனுக்குக் காது மந்தம். சத்தமாப் பேசுங்க."

இரண்டு ஆள் உயர மரப் பீப்பாய்.
உள்ளே சுண்ணாம்புத் தண்ணீரில்
நூறு தோல்கள் ஏறி ஏறி விழுகின்றன.
மோட்டார், பெல்ட், பல்சக்கரம்,
கூரைத் தகரம், ரோட்டில் பெங்களூர் லாரி
எல்லாம் ஒரே கூழாய்க் காதில் இறங்குகிறது.
திரையில் ஒற்றைக் கோடு,
ஓடும் பஸ்ஸில் போட்ட கையெழுத்து மாதிரி.

எவ்வளவு கோணலான அலையும்
ஒழுங்கான அலைகள் சில
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதுதான்.
கல்லூரியில் நான் இதை நம்பவில்லை,
மார்க்குக்காக எழுதினேன்.
இப்போது சோறு அதில்தான்.

பொத்தானை அழுத்த
கூழ் மறுபடி அரிசியாகிறது.
இருபத்துநாலு ஹெர்ட்ஸ்: மோட்டாரின் சுற்று.
நாற்பத்தெட்டு, எழுபத்திரண்டு, தொண்ணூற்றாறு
அதன் மடங்குகள், போகப் போகக் குட்டையாகி.
நிறமாலை என்கிறது பாடப்புத்தகம்.
எனக்கென்னவோ முள்வேலி.
எந்த முள் யாருடையது என்று தெரிந்தால் போதும்.

எண்பத்தாறில் ஒன்று நிற்கிறது.
இருபத்துநாலாம் வாய்ப்பாட்டில்
எங்கும் வராத எண்.
பேரிங்கின் வெளிவளையத்தில் கீறல்;
கடக்கும் ஒவ்வொரு குண்டும்
அங்கே ஒருமுறை இடறுகிறது.

நிமிர்ந்தால், ஃபோர்மேன் ஜலாலுத்தீன்
அதே பேரிங்மேல் உள்ளங்கை வைத்து நிற்கிறார்.
"இதுதானே?"
எப்படித் தெரியும் என்று கையால் கேட்டேன்.
"பத்து நாளா கை சொல்லுது.
முதலாளிக்குப் படம் வேணும்."

டீ வந்தது. மோட்டாரை நிறுத்தினார்கள்.
டிரம் அரைச்சுற்று தானாய் ஆடி
பின்னால் கொஞ்சம் வந்து
ஓய்ந்தது.

சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்று எடுத்தார்.
வேலூர் ஆஸ்பத்திரியில் வரைந்தது.
"இது என் படம்."
சமவெளியாய்ப் போன கோடு
நாலாயிரத்தில் கிணற்றில் விழுந்திருந்தது.
பதினெட்டு வருஷம் இந்த ஷெட்.

"பொண்ணு பேரு ஸஃபூரா.
அவ சொன்னா எனக்கு 'ஊரா'ன்னு கேக்குது.
முன்னாடி இருக்கறது காத்தாப் போயிடுது.
இதைக் கொஞ்சம் தொண்டையில வச்சுப் பாருங்க."

பேரிங் தொட்ட சென்சாரைச் சேலைத் தலைப்பில் துடைத்து
குரல்வளையில் வைத்தேன்.
சொன்னார்.
நூற்றுப்பதினெட்டு, இருநூற்றுமுப்பத்தாறு,
முந்நூற்றைம்பத்துநாலு...
இந்த மாதம் பார்த்ததிலேயே நேரான வேலி.
எல்லாம் 'ஊரா'வுக்கு.
'ஸ' தொடங்கும் இடத்தில் திரை வெறுமை,
'ஃப'விலும்.

அங்கே தொண்டை சும்மா இருக்கிறது,
பல்லிடுக்கில் காற்று மட்டும்;
மடங்கு கிடையாது, வரிசை கிடையாது,
எல்லா எண்ணும் கொஞ்சம் கொஞ்சம்,
சந்தை கலையும் நேரம் போல.
இதையெல்லாம் கத்திச் சொல்ல முடியவில்லை.
"என் பெட்டிக்கும் அந்த எடத்துல காது இல்லண்ணே!"

சிரித்தார். டீ சட்டையில் சிந்தியது.
பிறகு சிரிப்பை நிறுத்தி:
"அப்ப 'ஸ' நான் சொல்றனா, இல்லையா?"
"சொல்றீங்க."
"உங்களுக்குக் கேக்குதா?"
"கேக்குது."

சென்சாரை ஒதுக்கிவிட்டு
இன்னொரு தடவை சொன்னார்,
திரையைப் பார்க்காமல்
என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

ரிப்போர்ட்டில்
எண்பத்தாறை மட்டும் எழுதினேன்.