ம்

கொட்பே மீன்பிடித் துறைமுக அலுவலகம்.
மாதக் கடைசி.
மண்ணெண்ணெய் மானியக் கணக்கை
ஜெஸீமா ஒருதரம் அழுத்தினாள்.
திரை வெளுத்தது.

மறுபடி அழுத்தினாள். மறுபடி.
"செத்துப் போச்சா பிள்ளை?" என்றார்
வரிசையில் முதலாவதாய் நின்ற சூசைதாசன்.
சாகவில்லை.
உள்ளே நாலாயிரம் படகுகளை
ஒற்றை ஆளாய் எண்ணிக்கொண்டிருந்தது,
நிமிர நேரமில்லாமல்.

மூன்று நிமிடம் கழித்துக் கண் திறந்து
அழுத்திய பதினொரு தடவைக்கும்
பதினொரு ரசீது துப்பியது.
சூசைதாசன் சிரித்தார்.
எழுதியவன் நான், சிரிக்கவில்லை.

பின்னேரம், கணினியை நம்பாமல்
ஜெஸீமா பேரேட்டில் விரல் வைத்துக்
கூட்டிக்கொண்டிருந்தாள்.
தலை நிமிரவில்லை.
ஆனால் வந்த ஒவ்வொரு குரலுக்கும்
ஒரு "ம்".
"இருங்க காக்கா, சம்பூர் முடியுது."
யாரும் கண்ணாடியைத் தட்டவில்லை.

இரவு. உட்துறைமுகத்தில் கப்பல் விளக்குகள்.
எண்ணுகிறவனைப் பின்னறைக்கு அனுப்பினேன்.
முன்னால் வரக்கூடாது,
திரையில் கை வைக்கக்கூடாது,
துண்டுச்சீட்டு எழுதி நீட்டினால் போதும்:
கிண்ணியா முடிந்தது. மூதூர் பாதி.
ஒருதரம் அழுத்தியதும் பொத்தான் மங்கிவிடும்.
பக்கத்தில் இன்னொன்று, மங்காதது: நிறுத்து.

வேகம் கூடவில்லை.
அதே மூன்று நிமிடம்,
சொல்லப்போனால் நாலு விநாடி கூட.
சூசைதாசன் திரையை எட்டிப் பார்த்து
"நிலாவெளி வந்திட்டுதாம்" என்கிறார்
பின்னால் நிற்பவனிடம்.
அவன் தனக்குப் பின்னால் நிற்பவனிடம்.