மூன்றாம் கியர்

யாரோ ஒரு ஜப்பான்காரர் மிதித்துச் சலித்து
கண்டெய்னரில் ரங்கூன் வந்த சைக்கிள்.
மடித்தால் வட்ட ரயிலில் காலிடுக்கில் அடங்கும்.
விரித்தால்
மூன்றாம் கியரை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

பின் அச்சுக்குள் ஒரு கம்பி இருக்க வேண்டுமாம்,
நடுவிரல் நீளம், கோணி ஊசித் தடிமன்.
தெய்ஞ்சி சந்தையில் கேட்டேன்: மஷீபூ.
அடுத்த கடையிலும் மஷீபூ.
ஒருவர் மட்டும் முழுச் சக்கரத்துக்கு விலை சொன்னார்,
நான் சைக்கிள் வாங்கியதை விட
மூவாயிரம் சாட் கூடுதல்.

இன்செயினில் கோ சோ நைங்கின் தகரக் கொட்டகை.
மழையில் குவிந்து கிடந்த ஒன்பது செத்த சைக்கிள்களைப்
புரட்டினோம்.
மணி இருந்தது, கூடை இருந்தது,
ஒன்றில் குழந்தை சீட்டு கூட.
ஒன்பதிலும் அச்சுத் துளை காலி.
எனக்கு முன்னால் வந்தவர்களுக்கும்
அந்தக் கம்பிதான் வேண்டியிருந்திருக்கிறது.

ஒரு ஸ்போக்கை வெட்டி
அரத்தில் தேய்த்து உள்ளே விட்டார்.
பெடலைச் சுற்றிக் காது கொடுத்தார்.
"ரெண்டாவது விழும். ஒண்ணாவதைக் கேக்காதே."
கூலியாக இரண்டு வெற்றிலை மடிப்பு.

பன்சோடான் மேம்பாலத்தில் ரெண்டாவது போதவில்லை.
இறங்கித் தள்ளினேன்.
பக்கத்தில் இன்னொருவர்,
அதே நீலம், அதே கீல், அவரும் தள்ளியபடி.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
பின் அச்சையே பார்த்தார்.

நான் கொஞ்சம் வேகமாகத் தள்ளினேன்.