காலி வண்டி எடை

வேலந்தாவளம் எடை மேடையில்
இரவு ஷிப்ட் என்னுடையது.
ஜல்லி ஏற்றிய லாரிகள் கேரளத்துக்குள் போகும்,
காலியாகத் திரும்பும்.
இடையில் கிடைக்கும் பத்து, இருபது நிமிடங்களில்
ஓர் இயங்குதளத்தை
மூலநிரலிலிருந்து கட்டப் போகிறேன்.

போகிறேன், போகிறேன் என்று மூன்று வாரமாகிறது.

உக்கடத்தில் வாங்கிய பழைய லேப்டாப்.
எண்டரை இரண்டு முறை குத்தினால்தான்
ஒரு முறை கேட்கும்.
முப்பது ஜிபி ஒழிக்க வேண்டியிருந்தது.
அக்கா கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் போட்டு,
தாலி கட்டும் இடம்வரை ஓடுகிறதா என்று பார்த்து
அழித்தேன்.

பிறகு, இருக்கிற கருவிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு
வயது கேட்க வேண்டும்.
ஜிசிசி இருந்தது. மேக் இருந்தது.
பைசன் இல்லை.
பாஷ் நிற்க வேண்டிய இடத்தில் டேஷ் நின்றது,
பிரசன்னன் வண்டியை அவன் மச்சினன் ஓட்டி வருவதுபோல.
லைசென்ஸ் யாருடையது என்று
அவர்களிடம் நான் கேட்பதில்லை.

மேஜையின் இந்த ஓரம் போனுக்குத் தமிழ்நாடு,
ஜன்னலோரம் கேரளம்.
பதிவிறக்கம் எண்பத்தாறு சதவீதத்தில் நின்றால்
நாற்காலியை ஓரடி நகர்த்துவேன்.

கம்பைலரைக் கட்ட ஒரு கம்பைலர் வேண்டும்.
இருப்பதை வைத்து ஒன்றைக் கட்டு,
இந்த வீட்டு வாசனை அதில் ஒட்டாமல் பார்த்துக்கொள்,
பிறகு அதை வைத்தே அதை மறுபடி கட்டு
என்கிறது கையேடு.
நான்காவது முறை படிக்கையில் ஹாரன்.
"சேச்சி, ஒறங்ஙியோ?"
முப்பத்திரண்டு டன் நானூறு.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

முத்திரை போட வரும் ஆய்வாளர்
இருபது கிலோ கற்களை அடுக்கி
எங்கள் மேடையையே எடை போடுவார்.
அந்தக் கற்களை எங்கே சரிபார்த்தார்கள்?
"கோயமுத்தூர்ல."
கோயமுத்தூரில் இருப்பதை?
"சென்னையில."
சென்னையில் இருப்பதை?
டீ ஆறுகிறது என்றார்.

கையேடு நேரத்தை நிமிடத்தில் சொல்வதில்லை.
முதல் பொட்டலத்தைக் கட்ட
உன் மெஷின் எவ்வளவு நேரம் எடுக்கிறதோ
அதுதான் ஒன்று.
மற்றதெல்லாம் அதில் அரை, இரண்டு, பதினொன்று.
என்னுடைய ஒன்று
எவ்வளவு என்று எனக்கு இன்னும் தெரியாது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விளக்கு தெரிகிறது.
திரும்பி வரும் வண்டி.
யாரும் ஏறாத மேடை
தூறலுக்கே இருபது கிலோ காட்டுகிறது.
பூஜ்யமாக்கினேன்.

மணி இரண்டு பதினேழு என்று
சீட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்துக்கொண்டு
எண்டரைக் குத்தினேன்,
இரண்டு முறை.